புகை எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். காரின் சைலன்சரில் கொஞ்சம் புகை தெரிந்துவிட்டால் போதும், "எஞ்சினை இறக்கணும் சார், போர் வேலை இருக்கு" என்று, அதாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய வேண்டும் என்று, யாராவது சொல்லிவிடுவார்கள். சில வண்டிகளில் அது உண்மைதான். ஆனால் அதை நம்பி முப்பதாயிரம், நாற்பதாயிரம் எடுத்து வைப்பதற்கு முன், புகை எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். நிறத்தைப் பார்த்தால் எது எரிகிறது என்று தெரியும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில், கறுப்பு என்றால் சரியாக எரியாத பெட்ரோல் அல்லது டீசல், அடர்ந்த வெள்ளை என்றால் பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அது எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பது, புகை வரும் நேரத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

நீலப் புகையை எடுத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்க நின்ற பெட்ரோல் வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை குப்பென்று புகைந்துவிட்டு அப்புறம் சுத்தமாக ஓடுகிறதா? வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வ் ஆயில் சீல் மேல் சந்தேகப்படுங்கள். ரப்பர் இறுகிப்போய், மேலே தேங்கிய ஆயில் இரவில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். இதை உறுதி செய்ய மலைச்சாலை நல்ல இடம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கியரிலேயே இறங்கி வரும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்காது. காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் உறிஞ்சல் அதிகமாகி, வால்வ் தண்டு வழியாக ஆயிலை இழுக்கும். சமதளம் வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலமாகக் கிளம்பும். இதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. பல எஞ்சின்களில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கூடக் கழற்றாமல், ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்க வைத்துக்கொண்டே சீலை மாற்றிவிடலாம்.

ஏற்றத்தில், லோடில், விடாமல் புகைந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் அடைத்து நிற்கும் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். அதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் கரண்டையும் நிறுத்தி, கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் 170 பி.எஸ்.ஐ. காட்டி ஒன்று மட்டும் 110 காட்டுகிறது என்று வையுங்கள். அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. விட்ட ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கோளாறு வால்விலோ, ஹெட்டுக்குக் கீழே அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமலே எஞ்சினைப் பிரிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சர்வீஸில் ஆயிலை மேல்கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டாலும் புகையும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பி.சி.வி. வால்வ் சிக்கிக்கொண்டாலும் புகையும். அது சின்ன செலவு. டர்போ டீசலாக இருந்தால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு எல்லா வண்டியிலும் இருக்கும். ஆயில் தேங்கி வழிந்தால் டர்போ போய்விட்டது, அதை வைத்து ஓட்ட வேண்டாம். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும் நிலைக்குக் கூடப் போகலாம்.

வெள்ளைக்கு வருவோம். ஊட்டியில் காலை நேரத்தில் தெரிவது நீராவி. எஞ்சின் சூடானதும் போய்விடும், பயப்பட வேண்டாம். டீசல் வண்டி காலையில் மட்டும் கண் எரிகிற மாதிரி வெள்ளையாகப் புகைந்தால் ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், லேசான இனிப்பு வாடையோடு, கீழே ஒழுகாமலே கூலன்ட் குறைந்துகொண்டும் வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுக்கு தெரியலாம். ஆனால் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் மூடியில் அப்படிப் படியும், அதனால் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. கேஸ்கெட் மாற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து, தேவைப்பட்டால் ஃபேஸிங், அதாவது அதன் அடிப்பரப்பைச் சமமாகக் கடையச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது கேஸ்கெட்டும் போய்விடும்.

கறுப்புப் புகை பயமுறுத்தும் அளவுக்குச் செலவு வைக்காது. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கீறல், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். அடைப்பு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்த்தால் டீசலில் பல நேரம் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும். கீறல், ஹோஸ் சும்மா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அழுத்திப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் ஸ்கேனர் போட்டு ஆக்ஸிஜன் சென்சாரிலிருந்து தொடங்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 மாசு விதிப்படியான டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உண்டு. அதில் கறுப்புப் புகை தெரிந்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதை உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார்கள். "அடைச்சுக்கிச்சு, எடுத்துடலாம்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மாசு விதியை மீறினால் 2019 சட்டத் திருத்தப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. டேஷ்போர்டில் டி.பி.எஃப். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வண்டியின் கையேட்டில் சொன்ன வேகத்தில் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கரி தானாக எரிந்து பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லையென்றால் மட்டும் ஒர்க்‌ஷாப் போங்கள். வணக்கம்.