தெருமுனை மின்மாற்றியும் மின்வாகனமும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மின்வாகனங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் என்னைக் கேட்டபோது, வண்டியைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள், அந்த வண்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைப் பற்றி நான் பேசுகிறேன் என்று சொன்னேன். மின் பகிர்மானப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், எனக்குத் தெரிந்த இடம் அந்தக் கம்பிதான்.

கடந்த கோடையில் ஓர் இரவு, பத்தரை மணி இருக்கும். நான் குடியிருக்கும் தெருவில் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ஃபியூஸ் போனது. தெருமுனையில் இருப்பது 100 கே.வி.ஏ. மின்மாற்றி; கே.வி.ஏ. என்பது அது தாங்கும் மின்பளுவின் அளவு. கம்பியாளர் வந்து, ஃபியூஸ் கட்டைக்குக் கம்பி போட்டு, மின்சாரம் வந்தவுடன் மூன்று முனைகளில், அதாவது பேஸ்களில், ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு முனைகளில் எண்பது ஆம்பியருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முனையில் மட்டும் நூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது. "சார், இந்த பேஸ்ல ஏதோ புது லோடு ஏறியிருக்கு" என்றார். தெருவில் நடந்து பார்த்தபோது விடை கிடைத்தது. ஓராண்டுக்குள் மூன்று வீடுகளில் மின்சாரக் கார் வாங்கியிருந்தார்கள். மூவரும் அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்குத் திரும்பியதும் வண்டியைச் சுவரில் உள்ள சார்ஜரில் மாட்டிவிட்டு, உள்ளே போய்க் குளிர்சாதனத்தைப் போட்டிருந்தார்கள். அவர்கள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. மூன்று சார்ஜர்களும் தற்செயலாக ஒரே முனையில் அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்று ஒரு முனைக்கு ஏறத்தாழ 133 ஆம்பியர் மின்னோட்டம் தரும் திறன் உடையது. காருக்காக வீட்டுச் சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர், வீட்டில் மும்முனை இணைப்பு இருந்தாலும், ஒரே முனையிலிருந்து 32 ஆம்பியர் வரை இழுக்கும். அப்படியானால் ஒரு கார் ஒரு முனையின் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நான்கு கார்கள் சேர்ந்தால் அந்த முனை ஏறத்தாழ முழுவதும் நிரம்பிவிடும். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் குளிர்சாதனம் ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒற்றைச் சார்ஜர் நான்கைந்து குளிர்சாதனங்களுக்குச் சமம். மின்சார ஸ்கூட்டருக்கு இந்தக் கவலை கிடையாது. அதன் சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும்.

ஆனால் மொத்த மின்சாரத்தைக் கணக்கிட்டால் படம் வேறாக இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் கார், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 145 யூனிட் செலவாகும். ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு முப்பது யூனிட் அளவில் போதும். இவ்வளவு மின்சாரத்தை உற்பத்தி செய்வது தமிழ்நாட்டுக்குப் பெரிய சுமை ஆகாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் சுமை. அந்த நேரத்தை மாற்றி அமைக்கும் கருவிகள், அதாவது கட்டணம், மீட்டர், இணைப்பு, மின்மாற்றி ஆகிய நான்கும், மின் பகிர்மான நிறுவனத்திடமும் அதற்குக் கட்டணம் நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் மட்டுமே இருக்கின்றன. வண்டி தயாரிக்கும் நிறுவனத்தாலோ, சார்ஜிங் நிலையம் நடத்துபவராலோ இந்த வேலையைச் செய்ய முடியாது. மின்வாகனங்கள் தமிழ்நாட்டில் இடையூறில்லாமல் பெருகுமா என்பது, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனை வண்டிகள் தயாராகின்றன என்பதைப் பொறுத்திருக்கும் அளவுக்கு, நம் பகுதிகளில் உள்ள மின்வாரியப் பிரிவு அலுவலகங்களின் ஆயத்தத்தையும் பொறுத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரம் என்று சொன்னேன். 2024ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரிக் கோடை நாட்களில் பகல் தேவையின் கணிசமான பங்கைச் சூரிய ஒளி மின்சாரம் தாங்கிக்கொள்கிறது. கமுதியில் 2016இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அதன் பிறகு தென்மாவட்டங்களில் அப்படிப்பட்ட நிலையங்கள் பல வந்துவிட்டன. மாலை ஆறு மணி ஆனதும் அவை அத்தனையும் ஒரே சமயத்தில் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்கும். அதே நேரத்தில்தான் அலுவலகம் முடிந்து வந்தவர் வண்டியை மாட்டுவார். மாலையில் நாம் ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் பெரும்பாலும் நிலக்கரியை எரிப்பதிலிருந்தோ, விலை கூடிய சந்தைக் கொள்முதலிலிருந்தோ வருகிறது. மதியம் ஏற்றினால் அதே யூனிட் வெயிலிலிருந்து வந்திருக்கும்.

இந்த உண்மையை மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொது மின்னேற்று நிலையங்களுக்கு 2028 மார்ச் 31 வரை, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் இல்லாத ஒற்றைக் கட்டணமே இருக்க வேண்டும் என்றும், அது காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில், அதாவது ஒரு யூனிட்டை நுகர்வோருக்குக் கொண்டுசேர்க்க ஆகும் சராசரிச் செலவில், 70 சதவீதத்தையும், மற்ற நேரங்களில் 130 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்றும் அந்த நெறிமுறை சொல்கிறது. நிலைக்கட்டணம் இல்லை என்பதன் அருமை, அந்தத் தொழிலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அறுபது கிலோவாட் சார்ஜர் ஒன்றை நெடுஞ்சாலை உணவகத்தில் நிறுத்திவிட்டு, நாளுக்கு இரண்டு கார்கள் மட்டுமே வரும் தொடக்க மாதங்களில், வராத கார்களுக்கும் சேர்த்து நிலைக்கட்டணம் கட்டிய முதலீட்டாளர் அடுத்த நிலையம் வைக்க வரமாட்டார்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். வெயில் நேரம், வெயில் இல்லாத நேரம் என்று நாளை இரண்டாகப் பிரிப்பது ராஜஸ்தானுக்குப் பொருந்தலாம். தமிழ்நாட்டுக்கு முழுமையாகப் பொருந்தாது. இரவு ஏழு மணியையும் இரவு இரண்டு மணியையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. நமக்குக் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி இருக்கிறது, முப்பந்தல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரவெல்லாம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆகவே நள்ளிரவு முதல் விடியற்காலை வரை மூன்றாவது கட்டண விகிதம் ஒன்று நமக்கு வேண்டும். அதிலும் காற்றுக்காலத்துக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என்று வகுத்தால் மிகவும் நல்லது.

பொது நிலையங்களைப் பற்றிச் சொன்னேன். பெரும்பாலானோர் வண்டிக்கு மின்னேற்றுவதோ வீட்டில்தான். அங்கேதான் சிக்கல் அதிகம். நம் வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். நீங்கள் நூறு யூனிட்டை மாலை ஏழு மணிக்கு எடுத்தீர்களா, நண்பகலில் எடுத்தீர்களா என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. தெரியாதபோது நண்பகலில் எடுத்தவருக்குச் சலுகை தருவது எப்படி? எந்த நேரத்தில் எவ்வளவு எடுத்தோம் என்று பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் அது நடக்கும். இதற்கிடையில் வீட்டுக் கட்டண அடுக்கு முறையும் மின்வாகனம் வாங்குபவருக்கு எதிராகவே இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விகிதமும் கைநழுவிப் போகும் என்பது குடும்பத்தலைவிகள் பலருக்கு மனப்பாடம். 460 யூனிட்டில் நின்றுகொண்டிருந்த குடும்பம் ஒரு ஸ்கூட்டர் வாங்கியதும், அது எடுக்கும் அறுபது யூனிட்டுக்காக அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் அப்போதும் லாபம்தான். ஆனால் வாங்கலாமா என்று தயங்கி நிற்பவர், ரசீதில் திடீரென ஏறிய தொகையைத்தான் பக்கத்து வீட்டாரிடம் சொல்வார்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி திறந்திருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. புதிய இணைப்பைப் பெருநகரங்களில் மூன்று நாட்களிலும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் ஏழு நாட்களிலும், ஊரகங்களில் பதினைந்து நாட்களிலும் தர வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. மலைப்பாங்கான ஊரகங்களுக்கு முப்பது நாட்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இது பெரிய வரம். அங்கெல்லாம் வாகன நிறுத்துமிடத்தில் இருக்கும் பிளக், பொதுப் பயன்பாட்டு இணைப்பிலிருந்து வருகிறது; ஒருவர் வண்டிக்கான மின்சாரத்துக்கு நாற்பது வீட்டார் பணம் கட்டுவதா என்று சங்கக் கூட்டத்தில் வாக்குவாதம் நடக்கிறது. தனி மீட்டர் வந்துவிட்டால் அந்த வாக்குவாதம் அன்றோடு முடிந்துவிடும். விதி இருப்பதைப் பலரும் அறியாததால்தான் கேட்பவர்கள் குறைவாக இருக்கிறார்கள்.

வீடும் இல்லாமல், நிறுத்துமிடமும் இல்லாமல், தெருவோரம் வண்டியை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாக ஆட்டோ ஓட்டுநர்கள். அவர்களை யார் நினைப்பது? கேரள மின்வாரியம் நினைத்தது. 2021இல் கோழிக்கோட்டில் மின்கம்பத்திலேயே சார்ஜரைப் பொருத்தித் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களுக்கு அதை விரிவாக்கியது. கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. கம்பி ஏற்கெனவே ஓடுகிறது. இடத்துக்கு வாடகை இல்லை. ஓட்டுநர் மதிய உணவுக்கு ஒதுங்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பிற்பகல் சவாரிக்குக் கைகொடுக்கும் அளவு மின்சாரம் ஏறிவிடும். மின்னேற்று நிலையம் நடத்த உரிமம் தேவையில்லை, அது மின்விற்பனை அல்ல, சேவையே என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டதால், தனியார் நிலையங்கள் நெடுஞ்சாலையிலும் வணிக வளாகங்களிலும் வரத்தான் செய்யும். லாபம் குறைந்த ஆட்டோ நிறுத்தத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். அந்த இடத்தில் பகிர்மான நிறுவனமே நேரடியாக இறங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

பேருந்துகளின் கதை வேறு. சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் இயக்கத்துக்கு வந்தன. ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுகிறேன்: ஒரு பேருந்துக்கு இரவில் 150 யூனிட் ஏற்ற வேண்டும் என்றால் மொத்தம் 18,000 யூனிட். எல்லாப் பேருந்துகளையும் ஒரே நேரத்தில் நூறு கிலோவாட் வீதம் மாட்டினால் 12 மெகாவாட் தேவைப்படும். ஆறு மணி நேரத்துக்குப் பிரித்து முறைவைத்து ஏற்றினால் 3 மெகாவாட் போதும். பணிமனையின் மேலாளரும் துணைமின் நிலையப் பொறியாளரும் உட்கார்ந்து பேசி ஓர் அட்டவணை போட்டால், பல கோடி ரூபாய் மதிப்புள்ள கேபிளும் மின்மாற்றியும் மிச்சமாகும்.

இதே பேச்சு நம் தெருக்களிலும் நடக்க வேண்டும். எந்த மின்மாற்றியில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்ற விவரத்தைப் பிரிவு அலுவலக வாரியாக இணையத்தில் வெளியிட்டால், சார்ஜிங் நிலையம் வைக்க விரும்புபவர் இடம் வாங்கிய பிறகு அலைய வேண்டியதில்லை. வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் வைப்பவர் தம் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை, அதாவது ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய கிலோவாட் அளவை, உயர்த்திக்கொண்டு, எந்த முனையில் அதை இணைப்பது என்று உதவிப் பொறியாளரைக் கேட்டுக்கொள்வது, அவருக்கும் அண்டை வீட்டாருக்கும் நல்லது. கேட்பவரிடம் கூடுதல் அலைச்சலோ அச்சமோ ஏற்படாதபடி அதை எளிதாக்கித் தருவது அலுவலகத்தின் கடமை.

எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலை கம்பியாளர் மூன்று சார்ஜர்களையும் மூன்று முனைகளுக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை. மூவரில் ஒருவர் இப்போது அலுவலகத்திலேயே பகலில் ஏற்றிக்கொள்கிறார். மற்ற இருவரும் வண்டியில் உள்ள டைமரை நள்ளிரவு ஒரு மணிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்தக் கோடை முடியும் வரை ஃபியூஸ் போகவில்லை.

நன்றி, வணக்கம்.