ஸ்பாக்கநாப்போலி: ஒரு நீண்ட சந்தும் ஒரு சின்னக் கோப்பையும்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைச் சான் மார்த்தீனோ குன்றின் மேலிருந்து பார்த்தால், நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே கத்தியால் கீறியது போல ஒரு நேர்கோடு ஓடும். அதுதான் ஸ்பாக்கநாப்போலி. நாப்போலியை, அதாவது நேப்பிள்ஸைப் பிளப்பது என்று பொருள். ஆனால் தெருப் பலகைகளில் இந்தப் பெயரைத் தேடாதீர்கள். அதே கோட்டுக்கு ஓரிடத்தில் பெனெதெத்தோ குரோச்சே தெரு என்று பெயர். நாலு எட்டு தள்ளிப் போனால் சான் பியாஜோ தெய் லிப்ராய் தெரு. கிரேக்கர்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு மேற்காகப் போட்ட மூன்று நெடுந்தெருக்களில் இது ஒன்று. வீடுகள் இடிந்தன, எழுந்தன. கோடு மட்டும் அசையவில்லை. இந்தப் பழைய நகரத்தை 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மெட்ரோவில் தாந்தே நிலையத்தில் இறங்கி, ஜெசு நுவோவோ சதுக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி நடப்பது வசதி. காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுங்கள். பல தேவாலயங்கள் நண்பகலில் கதவைச் சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். சதுக்கத்தின் தேவாலயத்துக்கு முகப்பெல்லாம் கூம்பு கூம்பாகச் செதுக்கிய கருங்கற்கள். கோயில் முகப்பு போலவே இல்லையே என்று தோன்றும். தோன்றுவது சரிதான்: 15ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுவின் அரண்மனைக்காகக் கட்டிய சுவர் அது. எதிரே சாந்தா கியாரா. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து எரிந்த தேவாலயம், மீண்டும் எழுப்பினார்கள். உள்முற்றத்துத் தூண்களில் கொடிகளும் பழங்களும் தீட்டிய மயோலிக்கா என்னும் பளபளப்பான சுடுமண் ஓடுகள் பதித்திருக்கின்றன. அங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

சான்செவேரோ சிற்றாலயத்துக்கு மட்டும் முன்பதிவு வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஜுசெப்பே சான்மார்த்தீனோ 1753இல் ஒற்றைப் பளிங்கில் செதுக்கிய, முக்காடு மூடிய கிறிஸ்து அங்கேதான் இருக்கிறார். கல்லில் மெல்லிய துணி படிந்து கிடப்பதை நேரில்தான் நம்ப முடியும். படமெடுக்க அனுமதி கிடையாது.

வடக்கே பிரியும் சான் கிரெகோரியோ அர்மேனோ சந்து, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்பவர்களின் தெரு. நவம்பர், டிசம்பரில் தேர்த்திருவிழாக் கூட்டம். பொம்மை செய்யும் கையைப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற மாதங்களில் போவது மேல். சந்துகளின் தரைத்தளத்தில் நேரே தெருவுக்குத் திறக்கும் ஒற்றை அறைகளைப் பார்ப்பீர்கள். அவை கடைகளல்ல, வீடுகள். எட்டிப் பார்ப்பதும் படமெடுப்பதும் மரியாதை இல்லை. தரைக்கல் எரிமலைக்கல், மழையில் வழுக்கும். ஸ்கூட்டர் எந்தப் பக்கமிருந்தும் வரும். சுவரோரமாக நடந்தால் போதும்.

இந்தத் தெருக்களில் கடைக்குக் கடை மஞ்சள் புட்டிகள் நிற்கும். எலுமிச்சைத் தோலை ஊறவைத்துச் செய்யும் இனிப்பு மதுவான லிமோன்செல்லோ. பழம் விளைவது நகரத்துக்குள் அல்ல, சொரெந்தோவிலும் அமால்ஃபி கடற்கரையிலும். முதலில் செய்தது யார் என்று இவ்விரு ஊர்களும் காப்ரித் தீவும் இன்னும் வழக்காடுகின்றன. காலணி வடிவப் புட்டிக்கு மயங்காமல் பின்புறச் சீட்டைப் படியுங்கள். சாராயம், தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைத் தோல் ஊறல்: இந்த நாலுதான் இருக்க வேண்டும். 'கொலொராந்தி' என்றிருந்தால் சாயம் சேர்த்தது, 'அரோமி' என்றிருந்தால் வாசனை சேர்த்தது. அதை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

செய்வது கடினமில்லை. ஆறு பெரிய மஞ்சள் எலுமிச்சை, அரை லிட்டர் 95 சதவீதச் சாராயம், முக்கால் லிட்டர் தண்ணீர், 400 கிராம் சர்க்கரை. இத்தாலியில் இந்தச் சாராயம் மளிகைக்கடையிலேயே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ரோஜா நிறத்தில் விற்பது துடைப்பதற்கான விஷச் சாராயம், அதைத் தொடாதீர்கள். நம்மூர்ச் சின்ன எலுமிச்சை வேறு இனம். அதில் இந்த வாசனை வராது. மெழுகு பூசிய பழமும் உதவாது, ஊறப்போவதே தோல்தானே.

தோல் சீவியால் மஞ்சளை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தால் கசக்கும். அந்தக் கசப்பைச் சர்க்கரையால் மறைக்க முடியாது. சீவிய தோலைச் சாராயத்தில் போட்டு, கண்ணாடி ஜாடியை மூடி இருட்டில் பத்து நாள் வையுங்கள். தோல் வெளுத்து, வளைத்தால் ஒடியும் பதத்துக்கு வந்தால் எண்ணெய் முழுக்க இறங்கிவிட்டது. தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சிய பாகை அடுப்பிலிருந்து இறக்கி நன்றாக ஆறவிட்டபின் கலக்குங்கள். சூடாக ஊற்றினால் சாராயமும் வாசனையும் ஆவியாகும். அடுப்புப் பக்கத்தில் அந்த ஆவி தீப்பிடிக்கவும் கூடும். கலந்ததும் தெளிந்த திரவம் மங்கலாகும். பயப்பட வேண்டாம். சாராயத்தில் கரைந்திருந்த தோல் எண்ணெய் தண்ணீரைக் கண்டதும் நுண்துளிகளாகப் பிரிகிறது. நல்ல லிமோன்செல்லோவுக்கு அந்த மங்கல்தான் அடையாளம். வடிகட்டி இரண்டு வாரமாவது வையுங்கள்.

வோட்கா இதைவிட நீர்த்தது. அதில் செய்கிறவர்கள் இதே அளவுத் தண்ணீரைச் சேர்த்துத்தான் கெடுக்கிறார்கள். அரை லிட்டர் வோட்காவுக்கு 150 மில்லி தண்ணீரும் 150 கிராம் சர்க்கரையும் போதும். ஊறுவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். உறைபெட்டியில் வைத்தால் கனத்த பாகு போல நிற்க வேண்டும். பனிக்கட்டியாகிவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது.

சாப்பாடு முடிந்தபின், சின்னக் கோப்பையில், பனிக்கட்டி போடாமல் பரிமாறுவார்கள். ஒரே மடக்கில் குடிப்பதல்ல, உறிஞ்சுவது. இனிப்பாக இறங்கினாலும் 30 சதவீதத்தை ஒட்டிய சாராயம் அது. வெளியே போனால் அதே வழுக்குக் கல்லும் அதே ஸ்கூட்டரும் காத்திருக்கும்.

வணக்கம்.