சர்க்கரை ஏன் முதலில் இறங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை என்றால், இரைப்பையைச் சிறிதாக்குவார்கள், சாப்பாடு குறையும், ஆள் இளைப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எடையைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. சர்க்கரை நோய்க்கு வந்தால் அந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே உதைக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊரில், வால்டர் போரீஸ் என்ற மருத்துவர் பருமனானவர்களுக்கு இரைப்பை பைபாஸ் செய்துவந்தார். இதயத்துக்குச் செய்வது அல்ல இது. இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே கொண்டுபோய் இணைப்பார்கள். மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே உணவு இறங்கிவிடும். அவரிடம் வந்த நீரிழிவுக்காரர்கள் பலருக்கு, உடம்பு இளைக்கும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. 1995-ல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'இதை யார் நினைத்திருப்பார்கள்?' என்றுதான் தொடங்குகிறது. அதில் நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலையிலேயே நீடித்தது.

இதற்கு ஒரு காரணம் எளியது. அறுவைக்குப் பிறகு சில நாட்களுக்குச் சிறு கிண்ணத்தில் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் மடக்கு மடக்காக உள்ளே போவதுதான் ஆகாரம். அந்தப் பட்டினியில் ஈரலில் படிந்த கொழுப்பு முதலில் கரைகிறது. கொழுப்பு குறைந்த ஈரல் இன்சுலினின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது; கண்டபடி சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுவதை நிறுத்துகிறது.

இன்னொரு காரணம் குடலில் இருக்கிறது. உணவு வேகமாகக் கீழ்க்குடலை எட்டுவதால், அங்குள்ள செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். மூளைக்கு 'போதும்' என்று சொல்லும். இன்று பரபரப்பாகப் பேசப்படும் செமாக்ளூடைடு ஊசி, இதே ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்துதான். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் இன்னொரு வகை அறுவையில், பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் இடமே பெருமளவு போய்விடுகிறது.

அறுவை செய்துகொண்டால் உடம்பு கொழுப்பை வேகமாக எரிக்கும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. முன்பைவிடக் குறைந்த கலோரியே அது எரிக்கும். பத்தியம் இருந்து இளைப்பவருக்கும் இதே நிலைதான். ஆனால் அவருக்குப் பசி கூடிக்கொண்டே போய், இழந்த எடையைத் திரும்பக் கேட்கும். அறுவை செய்துகொண்டவரிடம் அந்தப் பசி அடங்கியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2020-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் சர்க்கரை நோயுள்ள பருமனான 22 பேரை ஒப்பிட்டார்கள். பாதிப் பேர் உணவுக் கட்டுப்பாட்டால், மீதிப் பேர் பைபாஸால், ஏறக்குறைய 18 சதவீத எடையைக் குறைத்திருந்தார்கள். சர்க்கரையைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் கத்தி எதற்கு என்று கேட்கலாம். பத்தியத்தாலேயே அவ்வளவு குறைத்து, அதைப் பத்து ஆண்டு காப்பாற்றியவர்களை எண்ணிப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

விலையும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுதும் வேண்டும். மது சட்டென்று தலைக்கேறும். இனிப்பு மிகுந்தால் படபடப்பும் வியர்வையும் வரும். சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நோய் திரும்பிவருவதும் உண்டு. வீடு திரும்பும்போது எந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது, இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சீட்டின்படியே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

நன்றி, வணக்கம்.