முடியாட்சியை எழுதிக் கொடுத்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் வரம்பற்ற முடியாட்சி எப்படி வந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராக பிரான்சுக்கு, பதினான்காம் லூயியிடம் போவார்கள். அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் பல வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது டென்மார்க்கை. நம் தரங்கம்பாடியில் 1620-ல் கோட்டை கட்டினார்களே, அதே டென்மார்க். அப்போது அரசராக இருந்தவர் நான்காம் கிறிஸ்டியன். அவர் மகன் மூன்றாம் பிரெடரிக்கின் காலத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பிரெடரிக் 1648-ல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்குப் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை. அங்கே அரசரைத் தேர்ந்தெடுப்பது பிரபுக்கள். முடி சூட்டுவதற்கு முன்பே, இன்னின்னது செய்யமாட்டேன் என்று அவரிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பிரபுக்களுக்கு வரி கிடையாது. இந்த வரி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

1657-ல் பிரெடரிக் சுவீடன்மேல் போர் தொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் கடலே உறைந்துவிட்டது. தீவுகளுக்கு நடுவே இருக்கிற கடல் தன்னைக் காக்கும் என்று டென்மார்க் நம்பியிருந்தது. சுவீடனின் பத்தாம் கார்ல் குஸ்தாவ் படையோடும் குதிரைகளோடும் பனிக்கட்டிமேல் நடந்தே வந்துவிட்டார்! வழியில் பனி உடைந்து குதிரை வீரர்கள் சிலர் மூழ்கிப்போனார்கள், மற்றவர்கள் நிற்கவில்லை. 1658 பிப்ரவரியில் டென்மார்க் ஸ்கோனே உட்படச் செழிப்பான மாகாணங்களை எழுதிக் கொடுத்துத் தப்பித்தது. சில மாதத்திலேயே கார்ல் குஸ்தாவ் மறுபடி வந்து கோபன்ஹேகனை முற்றுகையிட்டார். ஓடிப்போகச் சொன்னவர்களிடம், சாவதானால் என் கூட்டிலேயே சாகிறேன் என்றாராம் பிரெடரிக். 1659 பிப்ரவரியில் ஓர் இரவு சுவீடன் படை மதில்மேல் ஏறியபோது, அரசரின் வீரர்களோடு ஊர்க்காரர்களும் நின்று அடித்து விரட்டினார்கள்.

சரி, போர் முடிந்தது. கஜானா காலி. 1660 செப்டம்பரில் பிரபுக்கள், பாதிரியார்கள், நகர வணிகர்கள் என்று மூன்று தரப்பும் கோபன்ஹேகனில் கூடின. குடியானவர்களுக்கு அங்கே இடமே இல்லை. புது வரி போட வேண்டும் என்றதும் பிரபுக்கள் தங்களுக்கு விலக்கு கேட்டார்கள். மதில்மேல் நின்று ஊரைக் காத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நகரத் தலைவர் ஹான்ஸ் நான்சனும் பேராயர் ஹான்ஸ் ஸ்வானேயும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள்: இனி அரசரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், முடி பரம்பரையாகவே போகட்டும். பிரபுக்கள் மறுத்தார்கள். பேச்சு நடக்கும்போதே நகரத்தின் வாயில்கள் மூடப்பட்டன. அப்புறம் பிரபுக்களும் ஒத்துக்கொண்டார்கள். பழைய உறுதிப் பத்திரம் அரசர் கைக்கே திரும்பிப்போனது. பங்காளிச் சண்டையில் பத்திரத்தை மூன்றாவது ஆளிடம் கொடுத்து, நீங்களே பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வருவோமே, அப்படித்தான். இந்த அதிகாரம் வாளால் வந்ததல்ல, வரிச் சண்டையில் வந்தது. கூடியிருந்தவர்கள், அரசர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் செய்வார் என்று நம்பினார்கள்.

சட்டம் வந்தது, 1665-ல். எழுதியவர் பேடர் ஷூமாக்கர், ஒரு திராட்சை மது வியாபாரியின் மகன், அரசரின் நூலகர். மனிதர் செய்த எந்தச் சட்டமும் அரசரைக் கட்டாது, அவர்மேல் கடவுளைத் தவிர நீதிபதி கிடையாது என்று எழுதினார். லூத்தரன் மதத்தை விடக்கூடாது, நாட்டைப் பிரிக்கக்கூடாது, இந்தச் சட்டத்தை மாற்றக்கூடாது. அரசருக்கு இருந்த கட்டு அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை ஊருக்குச் சொல்லவில்லை. 1709-ல்தான் அச்சில் வந்தது. நாட்டுக்கே பொருந்துகிற சட்டம், நாற்பது வருஷத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது!

ஷூமாக்கர் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அடுத்த அரசர் ஐந்தாம் கிறிஸ்டியன் அவருக்குக் கிரிஃபன்ஃபெல்ட் என்று பிரபுப் பட்டம் கொடுத்துத் தலைமை அமைச்சர் ஆக்கினார். 1676-ல் அதே அரசர் அவரைத் துரோகி என்று பிடித்தார். மரண தண்டனை. ஜூன் மாதம் வெட்டு மேடையில் மண்டியிட்டாயிற்று; கடைசி நொடியில் அரசரின் மன்னிப்பு வந்தது. மன்னிப்பு என்றால் ஆயுள் சிறை. இது சாவைவிடக் கொடியது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார், பெரும்பகுதி நார்வேயில் டிரான்ட்ஹெய்முக்கு எதிரே ஒரு தீவுக் கோட்டையில். அரசர்மேல் வழக்குப் போட இடமில்லை என்று எழுதியதே அவர்தானே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். லூயி பாவம். 1661 மார்ச்சில் அமைச்சர் மசாரின் இறந்த மறுநாள், இனி முதலமைச்சர் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். ஆனால் பிரெடரிக்கிடம் இருந்தது போல எழுதி வைத்த சட்டம் லூயியிடம் இல்லை. டென்மார்க்கில் 1849 ஜூனில் புது அரசியலமைப்பு வந்தது, அது எப்படி வந்தது என்பது... சரி, மணி ஆகிவிட்டது. வணக்கம்.