குட்டையாகிப்போன தேநீர்க் குடுவை

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் உருவாக்கிய வீடு, கார், நாற்காலி எல்லாம் விளம்பரங்களில் தினமும் உங்கள் கண்ணில் படுகின்றன. அத்தகைய முப்பரிமாணக் காட்சியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. வடிவம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். எவ்வளவு பெரியது, எது மேல்பக்கம், எப்படி மின்ன வேண்டும் என்ற விவரங்கள்தான் வழியில் தவறிப்போகும். இதையே இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளருக்குச் சோதனைக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. வீட்டுத் தேநீர்க் குடுவையையே எடுத்துக்கொள்ளலாமே என்றாராம் மனைவி சாண்ட்ரா. நல்ல யோசனை. உருண்டை வயிறு, வளைந்த மூக்கு, கைப்பிடி, மூடி. தன் நிழல் தன்மீதே விழும் பொருள் அது. நியூவெல் காகிதத்தில் வரைந்து, வளைவுகளை எண்களாக்கிக் கணினியில் ஏற்றினார். அடிப்பாகத்தை விட்டுவிட்டார். மேசைமேல் இருக்கும் குடுவையின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள்!

பிறகு சக ஆய்வாளர் ஜிம் பிளின் அதன் உயரத்தைக் குறைத்தார். திரைப் புள்ளிகள் சதுரமாக இல்லாததே காரணம் என்பார்கள் சிலர். ஒரு செய்முறை விளக்கத்துக்காகக் குறைத்தது பிடித்துப்போய்விட்டது என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, குட்டை எண்களே உலகமெங்கும் பரவின. அசல் குடுவை கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கணினிக் குடுவையைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு உயரம். எத்தனையோ கோப்பு வகைகளுக்கு மாறியும் அந்தக் குட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. மாற்றும் நிரலுக்கு எண்தான் தெரியும்; அசல் எப்படி இருந்தது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

அளவைப் பாருங்கள். பழைய, இன்றும் புழங்கும் ஓபிஜே என்ற முப்பரிமாண வடிவக் கோப்பில் 90 என்று இருந்தால் அது 90 என்ன? கோப்பு வாய் திறக்காது. மாயா மென்பொருள் வழக்கமாகச் சென்டிமீட்டரில் எண்ணும், பிளெண்டர் மீட்டரில். கவனிக்காவிட்டால் சாப்பாட்டு நாற்காலி முப்பது மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும். மாயாவுக்கு வழக்கமாக ஒய் அச்சு மேல்நோக்கியது, பிளெண்டருக்கு இசட். நாற்காலி மல்லாந்தும் படுத்துவிடும். இவையெல்லாம் பார்த்தவுடன் தெரியும் பிழைகள், உடனே திருத்திவிடலாம்.

என்னைப் படுத்துவது பளபளப்பு. மேற்பரப்பு விவரங்களைத் தாங்கும் ஓபிஜேயின் துணைக்கோப்பு அதை வழக்கமாக 0 முதல் 1000 வரை எண்ணும். எண் ஏற ஏற, பொருளின்மேல் மின்னும் ஒளிப்பொட்டு சிறிதாகிக் கூர்மையாகும். 2017இல் வந்த ஜிஎல்டிஎஃப் 2.0 என்ற கோப்பு வகை சொரசொரப்பை 0 முதல் 1 வரை எண்ணும்; அங்கே 0 என்றால் கண்ணாடி வழவழப்பு. இரண்டுக்கும் நடுவே எல்லோரும் ஒப்புக்கொண்ட சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு நிரலும் தன் ஊகத்தைப் போடும். எண் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் அர்த்தம் போய்ச் சேரவில்லை. பித்தளைச் செம்பு பிளாஸ்டிக் செம்பாக வந்து இறங்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது.

விளக்குகளைப் பற்றியும், அனிமேஷன் பட நிறுவனமான பிக்சார் 2016இல் திறந்த மூல நிரலாக வெளியிட்ட யூஎஸ்டி என்ற காட்சிக் கோப்பு வகை பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: பிளெண்டரின் பல்பு வாட்டில், ஜிஎல்டிஎஃப் பல்பு ஒளிச்செறிவின் அலகான கேண்டெலாவில். காட்சியை அனுப்பும்போது அளவுக்கு ஒரு மீட்டர் கனசதுரம், வெளிச்சத்துக்கு ஒரு சாம்பல் பந்து, பளபளப்புக்கு ஒரு குரோம் பந்து மூன்றையும் ஓரத்தில் சேர்த்து அனுப்புங்கள். பெறுபவர் முதலில் அவற்றைச் சரிபார்க்கட்டும். நன்றி, வணக்கம்.