வேர்டு ஃபைல் கேட்டால் ஏன் முகம் மாறுகிறது?

வணக்கம் நண்பர்களே. பாலக்கோட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தக்காளி வண்டிகளின் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாத்தியார்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பொழுது விடிந்தால் பிடிஎஃப் கொட்டும். மெல்லக் கற்போர் கையேடு, மாதிரி வினாத்தாள், ஒரு மார்க் கேள்விகள். எல்லாம் யாரோ செய்தவை. அனுப்புகிறவரிடமே "நீங்க தயாரிச்சதைக் கொடுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். "அது இன்னும் முடியலைங்க" என்பார்.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் எழுத்துப்பிழை இருந்தால் போதும், குரூப்பே கூடிக் கும்மியடிக்கும். நண்பர் ஒருவர் தயாரித்த பயிற்சித்தாள் அடுத்த ஒன்றியத்திலிருந்து வேறு பெயரோடு அவருக்கே திரும்பி வந்தது. பதவி உயர்வோ சீனியாரிட்டியில் வருகிறது. ராத்திரி கண்விழித்தவருக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான், அதையும் வெட்டிவிட்டால் யார் கொடுப்பார்?

அதனால்தான் வாட்டர்மார்க். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடம், குவிலென்சுக் கதிர்ப்படம். அதன் குறுக்கே பெயரும் செல்போன் நம்பரும் கொட்டை எழுத்தில். ஜெராக்ஸ் எடுத்தால் எது கதிர், எது சாரின் இனிஷியல் என்றே தெரியாது!

வேர்டு ஃபைல் மட்டும் யாரும் தருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. தளி, ஓசூர் பக்கம் தெலுங்கு வழியிலும் கன்னட வழியிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்குள்ள ஆசிரியர் பூட்டிய பிடிஎஃப்பை வைத்து என்ன செய்வார்? முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். அப்படியே யாராவது வேர்டில் கொடுத்தாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அது இல்லாத நம் கணினியில் கோழி கிளறியது போல இருக்கும். எந்தக் கணினியிலும் தெரிகிற யூனிகோடில் அடியுங்கள், புண்ணியமாகப் போகும்.

பெயர் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு வழி 2002லேயே வந்துவிட்டது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதில் சிசி பை என்று ஒரு வகை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். செய்தவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும். கீழே ஒரு வரி எழுதினால் போதும், காசு கிடையாது. திருடுகிறவன் அதைப் படித்துவிட்டுத் திருந்துவானா? மாட்டான். வாட்டர்மார்க்குக்கும் அவன் பயப்படுவதில்லையே. நேர்மையாகக் கேட்டு வாங்குகிறவருக்காவது வழி திறக்கும்.

சரி, என் ஒளியியல் பயிற்சித்தாளின் வேர்டு ஃபைல் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, சிசி பை போட்டிருக்கிறேன். பிழை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். தெலுங்கில் மாற்றுகிறவர்கள் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.