ப்ராக் நகரில் ஒரே ஒரு பகல்: மூட்டு வலியுள்ள அம்மாவோடு எப்படிச் சுற்றுவது?

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வியன்னாவிலிருந்து ப்ராக் போகிறோம். ஒரு பகல்தான் கிடைக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி. கோட்டை, சார்லஸ் பாலம், அந்தப் பழைய கடிகாரம், மூன்றையும் பார்த்துவிட முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?"

தாராளமாக முடியும். கோட்டையில் ஆரம்பித்துக் கடிகாரத்தில் முடியுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் கடிகாரம், அப்புறம் பாலம், கால் ஓய்ந்துபோன மதியத்தில் மலையேற்றம். அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டவே வேண்டாம்.

22ஆம் எண் டிராமில் ஏறி, ப்ராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்குங்கள். மலையை டிராமே ஏறிவிடும். அங்கிருந்து கோட்டைக்குக் கிட்டத்தட்ட சமதரைதான். காகித டிக்கெட் வாங்கினால் டிராமுக்குள் இருக்கும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான், பரிசோதகர் சாதாரண உடையில் வருவார்.

கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் கிடையாது. கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். புனித விட்டஸ் பேராலயத்தின் இரட்டைக் கோபுர முகப்பில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆலயத்தை 1344இல் ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. நடுவில் ஹுஸைட் என்ற மதச் சீர்திருத்தக்காரர்களின் போர் வந்து வேலை நின்று, முழுதாக முடிந்தது 1929இல். அந்த முகப்பு பிற்காலத்தது. பழசு வேண்டுமென்றால் வலது பக்கமாகச் சுற்றி மூன்றாவது முற்றத்துக்கு வாருங்கள். தெற்கு வாசலுக்கு மேலே 14ஆம் நூற்றாண்டின் மொசைக், இறுதித் தீர்ப்புக் காட்சி. பேரரசர் நான்காம் சார்லஸும் அவர் மனைவியும் முழங்காலிட்டிருப்பது தெரியும். அதற்குக் காசும் இல்லை, வரிசையும் இல்லை.

உள்ளே போனால் இடது பக்கம் மூன்றாவது கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள். செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா வரைந்தது. கீழே பணம் கொடுத்த ஸ்லாவியா வங்கியின் பெயரும் இருக்கும். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுவோமே, அதேதான்! ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை நடப்பதால் பார்வையாளர்களை மதியம்தான் விடுவார்கள்.

அதே மூன்றாவது முற்றத்தில்தான் பழைய அரண்மனை. அதற்குள் ஓர் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. 1618 மே 23 அன்று, கோபம்கொண்ட ப்ராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கத்தோலிக்கப் பேரரசரின் ஆட்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் அதன் வழியே தூக்கி வெளியே எறிந்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா காப்பாற்றினார் என்றது கத்தோலிக்கத் தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. ஐரோப்பாவை உலுக்கிய முப்பது ஆண்டுப் போர் அங்கிருந்துதான் மூண்டது. இந்த ஜன்னலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'தங்கச் சந்து' என்று ஒன்று உண்டு, எழுத்தாளர் காஃப்கா கொஞ்ச காலம் எழுதப் போய்வந்த சின்ன வீடு அங்கேதான். ஆனால் நெரிசல் அதிகம், அம்மாவுக்காக விட்டுவிடலாம்.

கோட்டையிலிருந்து நடந்து இறங்காதீர்கள். மூட்டு வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அதிலும் அங்கே பாதையெல்லாம் உருளைக்கல். மறுபடி 22ஐப் பிடித்து மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்டீயில் இறங்குங்கள். சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சைவம் என்றால் ஸ்மாஷெனீ சீர் என்று கேளுங்கள், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ் கட்டி, உருளைக்கிழங்கோடு வரும்.

பாலம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், வண்டி வராது. இடது பக்கம், ஏறக்குறைய நடுவில், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்களோடு நிற்பவர் நெபோமுக் யோவான் என்ற பாதிரியார். 1393இல் அரசன் ஆணைப்படி அவரை ஆற்றில் தள்ளினார்கள். சிலையின் அடியில் இருக்கும் வெண்கலப் பலகையை ஆளாளுக்குத் தடவி, அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

பாலம் முடியும் இடத்தில் ஒரு கோபுர வாசல் வரும். 1620இல் வெள்ளைமலைச் சண்டையில் ப்ராட்டஸ்டன்ட் பக்கம் தோற்றது. மறு வருடம் ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை. அதில் 12 பேரின் தலைகளை இந்தக் கோபுரத்தில்தான் பத்து வருடம் தொங்கவிட்டிருந்தார்கள். தண்டனை நடந்த இடம் பழைய நகரச் சதுக்கம். நகரமன்றக் கோபுரத்தின் அடியில், தரைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். கடிகாரம் பார்க்க வந்த கூட்டம் குனிந்து பார்க்காமல் அதன்மேலேயே நடக்கும். காலையில் பார்த்த ஜன்னலின் கதை இங்கேதான் முடிகிறது. கோட்டையில் ஆரம்பிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிகாரத்துக்கு வருவோம். அதே நகரமன்றக் கோபுரத்தில்தான் இருக்கிறது, 1410இல் செய்தது. மணிக்கு ஒரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வந்துபோவது ஒரு நிமிடம்கூட இருக்காது. இதற்காக முக்கால் மணி நேரம் அம்மாவை நிற்க வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் முன்னால் வந்தால் போதும். மேலே பார்க்காமல் வலது பக்கம் மரணத்தைக் குறிக்கும் எலும்புக்கூட்டைப் பாருங்கள். அது கயிற்றை இழுத்து மணியடிக்கும், 'இப்போது வரமாட்டோம்' என்பதுபோல் மற்ற பொம்மைகள் தலையாட்டும்.

ப்ராக்கில் யூரோ அல்ல, கொருனாதான். அநேகமாக எல்லா இடத்திலும் கார்டு செல்லும், பணம் மாற்றும் கடைகள் பக்கம் போகவே வேண்டாம். ட்ரெடெல்னீக் என்ற சுருள் ரொட்டியைப் பழைய செக் பலகாரம் என்று விற்பார்கள். ருசிக்குச் சாப்பிடலாம், பழமையை நம்ப வேண்டாம்.

நேரம் மிச்சமிருந்தால் சதுக்கத்தை ஒட்டிய யூதக் குடியிருப்பில் பிங்காஸ் தொழுகைக் கூடத்துக்குப் போங்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைச் சுவரெல்லாம் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மூடியிருக்கும். நீங்கள் போவது சனிக்கிழமையா என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.